தேர்தல் நாளும் சம்பள விடுமுறையும்: ஐக்கிய அமெரிக்க வரலாற்றில் ஒரு பிணக்கு

வாக்குரிமையின் வரலாற்றை எழுதியோர் அவ்வுரிமை யாருக்கு எப்போது கிடைத்தது என்பதையே பெரிதும் விரித்துரைத்துள்ளனர். உரிமை பெற்றவன் அதனைப் பயன்படுத்துதற்கு வேண்டிய நேரம் எங்கிருந்து வந்தது, அந்நேரத்தின் விலையை யார் கொடுத்தார் என்னும் வினா அவர்தம் நூல்களில் அருகியே எழுகின்றது. தேர்தல் நாளை அரசாங்க ஊழியருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக்க வேண்டும் என ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த கோரிக்கையோ இவ்வினாவையே மையமாகக் கொண்டது.

அந்நாட்டுத் தேர்தல் நாள் உழவரை மனங்கொண்டு வகுக்கப்பட்டது. 1792ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சனாதிபதியைத் தெரிவுசெய்யும் தேர்வாளர் டிசெம்பர் மாத முதற் புதன்கிழமைக்கு முந்திய 34 நாட்களுக்குள் நியமிக்கப்படல் வேண்டும். அக்கால எல்லைக்குள் ஒவ்வொரு மாநிலமும் தான் விரும்பிய நாளிலே தேர்தலை நடத்திற்று. ஒரு மாநிலத்தில் வாக்களித்தோர் எல்லை கடந்து சென்று மற்றொரு மாநிலத்திலும் வாக்களிக்கின்றனர் என்ற முறைப்பாடு வலுத்தது. ஆகவே 1845 சனவரியில் நாடு முழுமைக்கும் ஒரே நாள் விதிக்கப்பட்டது. நவம்பர் மாத முதல் திங்கட்கிழமையை அடுத்துவரும் செவ்வாய்க்கிழமையே அந்நாள். அறுவடை முடிந்த காலம் அது. ஞாயிறு வழிபாட்டிற்குரியது, பல ஊர்களிற் புதன் சந்தை நாள், குதிரை வண்டியில் நெடுந்தூரம் வரவேண்டிய உழவனுக்கு இடையிலே ஒரு நாள் வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். தன் நேரத்திற்குத் தானே உரிமையாளனாகிய அவனுக்கு விடுமுறை தேவைப்படவில்லை.

தொழிற்சாலைகள் பெருகியபோது நிலைமை மாறியது. செவ்வாய்க்கிழமை கூலித் தொழிலாளிக்கு வேலைநாள். சட்டம் குறித்த நாள் மாறாதிருக்க, அதைச் சூழ்ந்த வாழ்க்கை மாறிவிட்டது. மாநிலங்கள் இதற்கு இரு வழிகளிற் பரிகாரம் தேடின. நியூயோர்க் உட்படச் சில மாநிலங்கள் பொதுத் தேர்தல் நாளைத் தமது விடுமுறைப் பட்டியலிற் சேர்த்தன. வேறு சில, வாக்களிப்பதற்கெனச் சில மணித்தியாலங்களைச் சம்பளக் குறைவின்றி வழங்குமாறு வேலைகொள்வோரைக் கட்டாயப்படுத்தின. இரண்டும் ஒரே நோக்கின போலத் தோன்றினும் அவற்றின் அடிப்படை வேறு. விடுமுறை நாட்காட்டியைச் சார்ந்தது. நேர ஒதுக்கீடு வாக்காளனைச் சார்ந்தது.

இரண்டாம் வழியின் உட்பொருள் மிசூரி மாநிலத்து வழக்கொன்றில் நன்கு வெளிப்பட்டது. அம்மாநிலச் சட்டம் வாக்காளனுக்கு நான்கு மணித்தியால ஓய்வை உறுதிசெய்ததோடு, அதற்காகச் சம்பளத்தைக் குறைப்பதையும் குற்றமாக்கியது. 1946 நவம்பர் 5ஆந் திகதி வாக்குச்சாவடிகள் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருந்தன. டே-பிரைற் மின்விளக்கு நிறுவனத்தில் காலை 8 மணி முதல் மாலை 4.30 மணி வரை வேலைசெய்த தொழிலாளி ஒருவர் நான்கு மணித்தியால ஓய்வு கேட்டார். நிறுவனம் அதனை மறுத்தது. எனினும் அவருடைய பிரிவினர் அனைவரையும் 3 மணிக்கே போகவிட்டது. வாக்களிப்பு முடிய அப்போது சரியாக நான்கு மணித்தியாலம் இருந்தது. ஆனால் எஞ்சிய ஒன்றரை மணித்தியாலத்திற்குச் சம்பளம் கொடுபடவில்லை. மணித்தியாலத்திற்கு 1 டொலர் 60 சதம் பெற்றவர் அவர். ஆகவே இழப்பு 2 டொலர் 40 சதம். அச்சிறு தொகை பற்றிய பிணக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

1952 மார்ச்சில் நீதிமன்றம் மிசூரிச் சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் டக்ளஸ், வாக்களிப்பவன் அதற்காகத் தண்டனை போன்ற இழப்பை அடையாதவாறு காப்பது பொதுநலன் சார்ந்தது என்றும், குறைந்தபட்சக் கூலிச் சட்டங்களைப் போன்று இதன் செலவையும் வேலைகொள்வோர் மீது சுமத்தலாம் என்றும் கருதினார். நீதியரசர் ஜெக்சன் உடன்படவில்லை. செய்யாத வேலைக்குக் கூலி கொடுக்குமாறு தனியொருவரைப் பணிப்பது எங்ஙனம் முறையாகும்? வாக்களிக்கும் எல்லோருக்கும் கூலி கொடுத்தல் இயலாதெனின், சிலருக்கு மட்டும் கொடுப்பதன் நியாயம் யாது? இவ்வினாக்கள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. அரசாங்க ஊழியருக்கு மட்டும் விடுமுறை கோருவோர் விடையிறுக்க வேண்டிய வினாவும் இவ்விரண்டாவதே. (இலங்கையின் 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமும் நான்கு மணித்தியாலத்திற்குக் குறையாத லீவைச் சம்பள இழப்பின்றி வழங்குமாறு பணிக்கின்றது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.)

சமஷ்டி அரசாங்கத்தின் விடுமுறைப் பட்டியல் வேறொரு தோற்றுவாயை உடையது. 1870இல் இயற்றப்பட்ட சட்டம் புத்தாண்டு, சுதந்திர தினம், நன்றி நவிலல் நாள், நத்தார் ஆகியவற்றைத் தலைநகர் வாஷிங்ரனில் விடுமுறைகளாக்கியது. தலைநகருக்கு வெளியே பணிபுரிந்த சமஷ்டி ஊழியருக்கு இச்சலுகை 1885இலேயே விரிவாக்கப்பட்டது. தலைநகர் வாசிகளோ 1961இல் அரசியலமைப்பின் 23ஆம் திருத்தம் நிறைவேறும்வரை சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அற்றவர்களாயிருந்தனர். அத்தகைய நகரிற் பிறந்த பட்டியலில் தேர்தல் நாள் இடம்பெறாமை வியப்பன்று. ஆயினும் சனாதிபதி பதவியேற்கும் நாள் அந்நகரப் பகுதி ஊழியருக்கு விடுமுறையாயிற்று. தெரிவின் விழாவுக்கு ஓய்வு, தெரிவுக்கு இல்லை.

பிற்காலத்து முயற்சிகள் பல. முன்னாட் சனாதிபதிகளான போர்ட், கார்ட்டர் ஆகியோரைக் கௌரவத் தலைவர்களாகக் கொண்ட ஆணைக்குழு, 2001இல், ஏற்கெனவே விடுமுறையாயுள்ள நவம்பர் 11ஆந் திகதிப் படைவீரர் நாளோடு தேர்தலை இணைக்குமாறு விதந்துரைத்தது. புதிய செலவில்லாத உபாயம். எனினும் படைவீரர் அமைப்புகள் தம் நாளின் தனித்தன்மை குன்றும் என எதிர்த்தன. 2019 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய விரிவான மசோதா ஒன்று, சமஷ்டி ஊழியரைப் பொறுத்தவரை தேர்தல் நாளை விடுமுறையாகக் கருதுமாறு கூறியது. செனற் சபைப் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மிச் மக்கொனல், அரசாங்க ஊழியருக்கு வரிசெலுத்துவோர் பணத்தில் மேலும் ஒரு விடுமுறையா எனச் சாடினார். மசோதா அங்கு விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை.

மக்கொனலின் நோக்கம் கட்சி சார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் தொட்ட இடம் மெலிந்த இடமே. அலுவலகங்கள் மூடப்படும் நாளில் கடைகளும் உணவகங்களும் மருத்துவமனைகளும் மூடப்படுவதில்லை; விடுமுறை நாளிற் கடைகளுக்கு வேலை மிகுதலும் உண்டு. மணிக்கூலி பெறுவோரே வாக்களிக்க நேரமின்றி இடர்ப்படுவோர். பாடசாலை மூடப்பட்டாற் பிள்ளையைப் பார்க்க ஆளின்றித் திண்டாடுவோரும் அவர்களே. நிலையான நேரமும் லீவு உரிமையும் உடைய ஊழியருக்கு ஒரு நாளை அளிப்பது, ஏற்கெனவே உள்ளவர்க்கு மேலும் ஈதல் ஆகும். விடுமுறையின் மெய்யான பயன் வேறிடத்தில் உள்ளது: பாடசாலைக் கட்டடங்கள் வாக்குச்சாவடிகளுக்குக் கிடைக்கும், சாவடிப் பணிக்கு ஆட்கள் கிடைப்பர். கோரிக்கையாளர் இதனை முதன்மைப்படுத்தியிருப்பின் அவர்கள் வாதம் வலுப்பெற்றிருக்கும்.

மாநில மட்டத்தில் வேர்ஜீனியா 2020இல் ஓர் வழி கண்டது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தளபதிகளாயிருந்த லீ, ஜெக்சன் ஆகியோரை நினைவுகூர்ந்த சனவரி விடுமுறையை நீக்கி, அதன் இடத்தில் தேர்தல் நாளை வைத்தது. விடுமுறைகளின் தொகை கூடவில்லை. செலவு பற்றிய ஆட்சேபமும் எழ இடமில்லை.

சமஷ்டி மட்டத்தில் அவ்வாறு நிகழவில்லை. 2021 யூனில் அடிமை விடுதலையைக் குறிக்கும் யூன் 19ஆந் திகதியை ஈரவைகளும் சில நாட்களுக்குள்ளேயே பதினோராவது விடுமுறையாக ஏற்றன. தேர்தல் நாளைப் பொது விடுமுறையாக்கும் ஏற்பாட்டைத் தன்னகத்தே கொண்டிருந்த வாக்குரிமை மசோதாவோ, ஏழு மாதங்களின் பின் 2022 சனவரியில், விவாதத்தை முடிவுக்குக் கொண்டுவரத் தேவையான 60 வாக்குகள் கிடையாமையாற் செனற் சபையில் வீழ்ந்தது.