மான் கணக்கு

அமெரிக்காவில் டாலருக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. பக். 'அஞ்சு பக் இருக்கா?' என்று ஒருத்தன் கேட்டால் ஐந்து டாலர் கடன் கேட்கிறான் என்று அர்த்தம். ஹாலிவுட் படம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் பக் என்றால் நிஜத்தில் என்ன?

ஆண் மான்.

காசுக்குப் போய் எதற்கு மான் பேர்? காரணம் இருக்கிறது. அமெரிக்கா என்று ஒரு தேசமே பிறக்காத காலத்தில் அங்கே மான் தோல்தான் ரூபாய், அணா, பைசா எல்லாம். 1748-ம் வருஷத்துக் குறிப்பு ஒன்றில் ஒரு பீப்பாய் விஸ்கியின் விலை 5 பக் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். செவ்விந்தியர்கள் என்று நாம் சொல்லிப் பழகிய பூர்வகுடிகள் காட்டிலிருந்து மான் தோலைக் கொண்டுவந்து போடுவார்கள். வெள்ளைக்கார வியாபாரி துணி கொடுப்பான், துப்பாக்கி கொடுப்பான், சாராயம் கொடுப்பான். தோல் கப்பலேறி லண்டனுக்குப் போகும். அங்கே கனவான்களின் கையுறையாகவும் கால்சட்டையாகவும் மாறும்.

வியாபாரி கடனும் கொடுத்தான். அங்கேதான் வினை. இந்த வருஷம் வாங்கிக்கொள், அடுத்த வருஷத் தோலில் கழித்துக் கொள்ளலாம் என்பான். அடுத்த வருஷம் மான் குறைந்திருக்கும். கடன் குறைந்திருக்காது. 1773-ல் செரோக்கி, க்ரீக் என்ற இரண்டு இனத்தாரும் ஜார்ஜியா பகுதியில் 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் நிலத்தை எழுதிக் கொடுத்துத்தான் வியாபாரிகளின் பாக்கியைத் தீர்க்க வேண்டி வந்தது. மான் போய், பின்னாலேயே மண்ணும் போனது.

இது முதல் அத்தியாயம். இரண்டாவது இன்னும் மோசம்.

ஐரோப்பியர்கள் கால் வைப்பதற்கு முன் வட அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சுமார் 3 கோடி இருந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தது. ஐஸ் போட்டுக் குளிரவைத்த சரக்குப் பெட்டிகள் வந்தன. காட்டில் இன்று சுட்ட மான், சில நாள் கழித்து எங்கோ ஒரு பெருநகர ஹோட்டலின் சாப்பாட்டு மேஜையில் கெடாமல் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். வேட்டை என்பது முழுநேரத் தொழிலாகிவிட்டது. இரவில் விளக்கு காட்டிச் சுட்டார்கள். நாய் விட்டு ஏரிக்குள் துரத்திக் கொன்றார்கள். குட்டி, சினை என்ற பேதம் கிடையாது. எடை போட்டுக் காசு.

1900-ம் வருஷம் கணக்குப் பார்த்தபோது, மிச்சம் இருந்தவை 3 லட்சத்திலிருந்து 5 லட்சம். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. பல மாநிலங்களில் மானைப் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னால் மற்றவர்கள் நம்பாத நிலை.

சரியாக இந்த நேரத்தில்தான் நம் கதாநாயகன் உள்ளே வருகிறான். கதாநாயகனா, வில்லனா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

வின்செஸ்டர் மாடல் 1894.

ஆலிவர் வின்செஸ்டர் அடிப்படையில் சட்டை தைத்து விற்கிற ஆசாமி. கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவன் நகரில் பேக்டரி. கையில் காசு சேர்ந்ததும் 1855-ல் நஷ்டத்தில் தத்தளித்த ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் பணம் போட்டார். பிறகு மொத்தமாகத் தன் கைக்கே கொண்டு வந்தார். துப்பாக்கி என்றால் ஒரு தடவை சுட்டுவிட்டு, மறுபடி மருந்தும் குண்டும் போட்டு இடித்துக்கொண்டிருந்த காலம் அது. இவருடைய கம்பெனி கொண்டுவந்தது 'லீவர்' துப்பாக்கி. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு நெம்புகோல். அதை முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே துள்ளி விழும். பின்னால் இழுத்தால் புதுத் தோட்டா ஏறிக்கொள்ளும். க்ளிக், க்ளிக். அடுத்த குண்டு ரெடி. கௌபாய் படங்களில் ஹீரோ கையில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

1880-ல் வின்செஸ்டர் செத்துப் போனார். அவருடைய மாப்பிள்ளை பென்னட்டுக்கு ஒரு தகவல் வந்தது. யூடா பிரதேசத்தில் ஆக்டன் என்ற ஊரில் ஓர் இளைஞன் அபாரமான துப்பாக்கி செய்கிறானாம். 1883-ல் ரயிலேறிப் போய் 8,000 டாலருக்கு அவனுடைய காப்புரிமையை வாங்கினார் பென்னட். அந்த இளைஞன்தான் ஜான் மோசஸ் பிரவுனிங். துப்பாக்கித் தொழிலில் அவருக்கு இணையான மூளை அதற்குப் பிறகும் பிறக்கவில்லை என்பார்கள். மாடல் 1894 அவர் வடிவமைத்ததுதான்.

அடுத்த வருஷம், 1895-ல், அதற்கென்றே ஒரு புதுத் தோட்டா வந்தது. தேர்ட்டி தேர்ட்டி. பழைய கறுப்பு மருந்தில் சுட்டால் புகைமூட்டத்தில் மான் எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியாது. இது புகையில்லா மருந்து. வேகமும் ஜாஸ்தி. அமெரிக்காவில் வேட்டைக்கென்று வந்த புகையில்லாத் தோட்டாக்களில் இதுதான் முன்னோடி.

சும்மா சொல்லக்கூடாது, அது மான் வேட்டைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. எடை சுமார் 3 கிலோ. தட்டையான உடம்பு, குதிரைச் சேணத்தில் செருகிக்கொண்டு போகலாம். அடர்ந்த காட்டில் வெள்ளைவால் மான் கண்ணில் படுவதே சில விநாடிதான். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஐம்பது, நூறு கஜ தூரத்தில் ஒரு பழுப்பு அசைவு. அதற்குள் தோளுக்கு ஏற வேண்டும், குறி விழ வேண்டும். தப்பினால் லீவரைத் தள்ளி இழுத்து இன்னொன்று.

குறையும் இருந்தது. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னாலிருப்பதன் முதுகில் இடிக்கும். மூக்கு கூர்மையாக இருந்தால் உள்ளேயே வெடித்துத் தொலைக்கும். அதனால் மொட்டை மூக்குத் தோட்டாதான் போட முடியும். மொட்டை மூக்கு காற்றைக் கிழித்து அதிக தூரம் போகாது. 150 கஜத்துக்கு மேல் நம்பிக்கை இல்லை. அதாவது, இந்தத் துப்பாக்கிக்காரன் மானுக்குக் கிட்டே போயாக வேண்டும். காற்றடிக்கும் திசை பார்த்து, சருகு மிதிபடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு.

மாடல் 1894 மொத்தம் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து லட்சமாவது துப்பாக்கியை 1927-ல் ஜனாதிபதி கூலிட்ஜுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வேறெந்தத் துப்பாக்கியையும்விட அதிக மான்களைக் கொன்றது இதுதான் என்று வேட்டைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். யாரும் எண்ணி ரசீது போட்டதில்லை. ஆனாலும் மறுத்துப் பேசினவர்கள் குறைவு.

இப்போது ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். இந்தத் துப்பாக்கி வந்தபோது மான்கள் சில லட்சம். இன்றைக்கு அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சுமார் 3 கோடி!

அதிகம் கொன்ற துப்பாக்கி வந்த பிறகு மான் பெருகியது எப்படி? கணக்கு உதைக்கிறதே?

உதைக்கவில்லை. மானை அழித்தது துப்பாக்கி மட்டுமல்ல. அதைத் தூண்டிவிட்டது கல்லாப்பெட்டி. அதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஐயோவா மாநிலத்து எம்.பி. ஜான் லேசி. அவர் கொண்டுவந்த சட்டத்தில் 1900 மே மாதம் ஜனாதிபதி மெக்கின்லி கையெழுத்துப் போட்டார். ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமாகக் கொன்ற பிராணியை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பி விற்பது குற்றம். ரயில் பெட்டிக்குப் பூட்டு. மாநிலங்களும் ஒவ்வொன்றாகக் காட்டு மான் கறி விற்பனைக்கே தடை போட்டன. சுடலாம், சாப்பிடலாம், விற்கக் கூடாது. பென்சில்வேனியா 1906-ல் மிச்சிகனிலிருந்து மான்களை வரவழைத்துக் காட்டில் விட்டது. 1907-ல் கொம்புள்ள ஆணை மட்டும்தான் சுடலாம் என்று சட்டமும் போட்டது.

ஆனால் சட்டம் போட்டால் போதுமா? காவலுக்கு ஆள் வேண்டும், காடு வாங்கக் காசு வேண்டும். 1930-களோ பொருளாதாரப் பெருமந்தம். மானுக்குச் செலவழி என்று எந்த அரசாங்கத்திடம் போய்க் கேட்பது?

இங்கேதான் ஒரு அருமையான கணக்குப்பிள்ளை வேலை நடந்தது. செனட்டர் பிட்மன், எம்.பி. ராபர்ட்சன் இருவரும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 1937 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே ஒரு கலால் வரி உண்டு. பிறகு அது 11 சதவிகிதம் ஆனது. அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கலக்காது. நேராக மாநிலங்களின் வனவிலங்குத் துறைக்குப் போகும். பாதி மாநிலத்தின் பரப்பளவைப் பார்த்து, பாதி லைசென்ஸ் வாங்கிய வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைப் பார்த்து. ஒரு திட்டத்துக்கு நூறு ரூபாய் செலவென்றால் 75 ரூபாய் வரை மத்திய அரசு தரும், மீதியை மாநிலம் போட வேண்டும்.

நிபந்தனை ஒன்று. வேட்டை லைசென்ஸில் வசூலாகிற காசை மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால் இந்தப் பணம் கிடையாது.

வரி கட்டுவது துப்பாக்கிக் கம்பெனி. ஆனால் விலையில் ஏற்றிவிடுவார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆக, மானைச் சுடப் போகிறவன் தோட்டா வாங்கும்போதே மானை வளர்ப்பதற்கும் மொய் எழுதிவிட்டுப் போகிறான். இதுவரை சேர்ந்தது 1,000 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணத்தில் காடுகள் வாங்கினார்கள். மானே இல்லாத இடங்களுக்கு லாரியில் மான் கொண்டுபோய் விட்டார்கள்.

முழுப் புண்ணியமும் வேட்டைக்காரனுக்கே என்று சொல்லிவிட முடியாது. கைவிடப்பட்ட பண்ணைகளில் மறுபடி காடு முளைத்தது. மானைத் தின்னும் ஓநாய்களைப் பல இடங்களில் மனிதன் தீர்த்துக்கட்டியிருந்தான். அதுவும் சேர்ந்துதான் 3 கோடி.

இடையில் துப்பாக்கிக்கும் கெட்ட காலம் வந்தது. செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று 1964-ல் வின்செஸ்டர் கம்பெனி தயாரிப்பு முறையை மாற்றியது. உருக்கைக் கடைந்து செய்த பாகங்களுக்குப் பதில் தகட்டை அச்சில் அடித்த பாகங்கள். லீவரை இழுக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது என்று கொதித்தார்கள் வாடிக்கையாளர்கள். இன்றும் 1964-க்கு முந்தைய துப்பாக்கி என்றால் தனி விலை. தாத்தா வாங்கியது, அப்பா சுட்டது என்று குடும்பச் சொத்தாகக் கைமாறுகிறது. இரண்டாம் உலகப்போரின்போது சுமார் 19,000 பேர் வேலை பார்த்த நியூஹேவன் ஆலையை 2006-ல் மூடியபோது அங்கே மிச்சம் இருந்தவர்கள் 200 பேர்கூட இல்லை. 2010-லிருந்து இந்த மாடலை ஜப்பானில் செய்கிறார்கள். மாகாணத்தின் பெயர் கொச்சி. நம்ம கேரளத்துக் கொச்சி இல்லை!

இப்போது கணக்கு எதிர்த்திசையில் உதைக்கிறது. மான்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் தடவைக்கும் மேல் கார்களில் மோதுகின்றன. காட்டில் முளைக்கிற கன்றை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. சுடுவதற்குத்தான் ஆள் இல்லை. அரசாங்கக் கணக்கெடுப்பின்படி 1991-ல் 1 கோடியே 41 லட்சமாக இருந்த வேட்டைக்காரர்கள் 2016-ல் 1 கோடியே 15 லட்சம்.

ஆனால் வரிப்பணம் குறையவில்லை. 2022-ல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த தொகை 100 கோடி டாலரைத் தாண்டியது. எப்படி? பின்னாளில் கைத்துப்பாக்கிக்கும் இந்த வரி நீண்டது. கொரோனா காலத்தில் பயந்துபோன ஜனங்கள் தற்காப்புக்கென்று வாங்கிக் குவித்த துப்பாக்கிகள் கல்லாவை நிரப்பின. அடுத்த மனிதன் மேல் இருக்கிற பயம் மானுக்குத் தீனி போடுகிறது. பிட்மனும் ராபர்ட்சனும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பயம் தணிந்தால் அந்த வரவும் தணியும். பீரோவில் தூங்குகிற தாத்தாவின் தேர்ட்டி தேர்ட்டியை எடுத்துக்கொண்டு நவம்பர் மாதக் குளிரில் பேரன் காட்டுக்குப் போவானா, மாட்டானா? அமெரிக்காவின் ஒவ்வொரு மாநில வனவிலங்குத் துறையும் பட்ஜெட் போடும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.