பெட்ரோல் சுமந்த மாட்டுவண்டி

ஆப்பிரிக்காவில் சின்னச் சின்ன விமானங்களை வாடகைக்கு ஓட்டிய பைலட்டுகளின் நினைவுக் குறிப்புகள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. நம்மூர் டாக்ஸி ஸ்டாண்டில் அம்பாசிடரை நிறுத்திவிட்டு சவாரிக்குக் காத்திருப்பார்களே, அதே பொழப்புதான். என்ன, இந்த வண்டிக்கு ரெக்கை உண்டு, போற ஊருக்கு ரோடு கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"கோயமுத்தூர்க்காரனுக்கு ஆப்பிரிக்கா பைலட் கதை எதுக்குங்க?"ன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பீளமேடு வரைக்கும் கூட்டிட்டு வந்து விடுகிறேன் :)

இந்த வகைப் புத்தகங்களில் முதலில் சொல்ல வேண்டியது பெரில் மார்க்கம் எழுதிய 'வெஸ்ட் வித் த நைட்'. 1902-ல் இங்கிலாந்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாகவே கென்யாவுக்கு வந்தவர். அப்பா பந்தயக் குதிரை பழக்குகிறவர், மகளும் அதே தொழிலில் இறங்கினார். அப்புறம் 1930களின் தொடக்கத்தில் டாம் கேம்ப்பெல் பிளாக் என்ற பைலட்டிடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வாடகைக்குப் பறக்க ஆரம்பித்தார். அப்போது நைரோபியில் வில்சன் ஏர்வேஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1929-ல் அதை ஆரம்பித்தவரும் ஒரு பெண்தான், ஃப்ளோரன்ஸ் கெர் வில்சன்.

அந்தப் பறத்தல் எப்படிப்பட்டது? ரேடியோ கிடையாது. கன்ட்ரோல் டவர் கிடையாது. கையில் ஒரு வரைபடம், அதிலும் பாதி இடம் வெள்ளையாக இருக்கும். பகலில் ஆறு, மலை, ரயில் தண்டவாளம் பார்த்துப் போகணும். ராத்திரி என்றால் கீழே யாராவது தீ வெளிச்சம் காட்டினால்தான் இறங்க முடியும். மார்க்கம் புத்தகத்தின் முதல் அத்தியாயமே அப்படி ஒரு சவாரிதான். விக்டோரியா ஏரிப் பக்கம் நுங்வே என்ற தங்கச் சுரங்க முகாமில் ஒருவர் சாகக் கிடக்கிறார். அவருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டு போகணும். டாக்டர் அனுப்பிய சேதி கிடைத்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிறார்.

இப்படி உயிர் காக்கிற சவாரியும் உண்டு, உயிர் எடுக்கிற சவாரியும் உண்டு. பணக்கார வேட்டைக்காரர்களுக்காக மேலேயிருந்து யானைக் கூட்டம் தேடிக் கொடுப்பதும் அந்தப் பொழப்பில் ஒரு பகுதிதான். அதையும் மார்க்கம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1936 செப்டம்பரில் அவர் இங்கிலாந்திலிருந்து மேற்கு நோக்கித் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டினார். அந்த வழியில் அப்படிக் கடந்த முதல் பெண் அவர்தான். கனடாவின் நோவா ஸ்கோஷியா சேற்று நிலத்தில் மூக்கு குத்தித்தான் இறங்கினார், ஆனால் தாண்டிவிட்டார். புத்தகம் 1942-ல் வந்தது. உலகப் போர் நேரம், சீக்கிரமே மறந்து போனது. ஹெமிங்வே ஒரு கடிதத்தில் அதைத் தலைமேல் தூக்கி வைத்துப் பாராட்டியிருந்தது பல வருஷம் கழித்து வெளியே தெரிய வந்து, 1983-ல் மறுபதிப்பு கண்டது. நைரோபியில் வறுமையில் கிடந்த பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் அந்தப் பணம்தான் கைகொடுத்தது. 1986-ல் காலமானார். அதை உண்மையில் எழுதியது அவருடைய மூன்றாவது கணவர் ராவுல் ஷூமாக்கர்தான் என்றும் ஒரு சர்ச்சை உண்டு. அது இன்றைக்கும் ஓயவில்லை.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். மார்க்கம் நைரோபியில் பறந்த அதே காலத்தில் இங்கேயும் கதை கிட்டத்தட்ட அதேதான். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஒரு பஸ் மாத் விமானத்தில் கிளம்பினார். வில்சன் ஏர்வேஸும் வைத்திருந்த விமான வகைதான் அது. அகமதாபாத்தில் இறங்கி பெட்ரோல் போட்டுக்கொண்டு பம்பாய் போனார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரைக்கும் அந்தத் தபாலைக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். அவர் யார்? தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்து, 1929 வாக்கில் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராக மக்களைக் காசுக்கு விமானத்தில் ஏற்றிக் காட்டிய ஆள். தேர்த்திருவிழாவில் ராட்டினம் சுத்துகிற மாதிரின்னு வெச்சுக்குங்க. இந்தியாவில் விமானத் தபால் சேவை தொடங்கலாம் என்ற யோசனையை டாடாவிடம் கொண்டு போனதே அவர்தான். 1942-ல், போர்க் காலத்தில், இங்கிலாந்து போகும் வழியில் விமானத்தோடு காணாமல் போனார்.

இந்த 1932 கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம் டாடாவும் இல்லை, வின்சென்ட்டும் இல்லை. அகமதாபாத்தில் விமானத்துக்கு பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டுவண்டியில்! பர்மா ஷெல் தகர டின்களை அடுக்கிக்கொண்டு வண்டி ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. ஏர் இந்தியா வரலாறு எழுதுகிறவர்கள் இதை விடாமல் சொல்வார்கள், படிக்கிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் அந்த வண்டியை ஓட்டி வந்தவர் அன்றைக்கு என்ன பார்த்தார், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளிடம் என்ன சொன்னார்? அது எந்தப் புத்தகத்திலும் வராது.

என் ஆதங்கமே இதுதாங்க. விமானத்தின் வரலாற்றை எழுதினவங்க எல்லாரும் மேலேயிருந்து பார்த்தவங்க. ஆனா ஒரு விமானம் பறக்கணும்னா கீழே ஒரு ஊரே வேலை செய்யணும். புதர் வெட்டணும், புற்று இடிக்கணும், மாடு மேய்கிறதை ஓட்டணும், தீ மூட்டணும், பெட்ரோல் சுமக்கணும், எஞ்சினைத் துடைக்கணும்.

மார்க்கமின் புத்தகத்தில் அராப் ருட்டா என்று ஒருவர் வருவார். சின்ன வயதில் கூடவே விளையாடிய நண்பர், வளர்ந்த பிறகு அவரிடமே வேலைக்காரர். முதலில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார், பிறகு விமானத்தைப் பார்த்துக்கொண்டார். மார்க்கம் அவரைப் பாசத்தோடுதான் எழுதுகிறார், மறுக்கலை. ஆனால் நண்பன் எப்படி வேலைக்காரன் ஆனான் என்பதை ருட்டாவின் வாயால் கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்னொன்று. 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படம் பார்த்தவர்களுக்கு டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் விமான விபத்தில் இறப்பது ஞாபகம் இருக்கும். 1931 மே மாதம் வோய் என்ற ஊரில் நடந்த நிஜ விபத்து. அவரோடு அந்தச் சின்ன விமானத்தில் இருந்த கிக்குயு இனத்துப் பணியாளரும் அதே தீயில்தான் இறந்தார். ஹாட்டனுக்கு ங்கோங் மலையில் சமாதி, புத்தகம், சினிமா எல்லாம் உண்டு. கூட இறந்தவருக்கு?

சரி, பீளமேட்டுக்கு வருவோம்.

கோவை விமான நிலையம் 1940-ல் வந்தது. இன்னைக்கு அது சர்வதேச விமான நிலையம், ஆனாலும் அந்தப் பகுதியின் தபால் முகவரி 'சிவில் ஏரோட்ரோம் போஸ்ட்'தான். அந்தப் பழைய வார்த்தை முகவரியில் மட்டும் உயிரோடு இருக்கு. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்க இங்கே ஒரு பெரிய பட்டறை போட்டது. கடற்படை வழக்கப்படி அதற்கு ஒரு கப்பலின் பெயரும் வைத்தார்கள்: எச்.எம்.எஸ். கருடா. கடலே இல்லாத ஊரில் ஒரு 'கப்பல்'! 1945-ல் சூலூரில் இன்னொன்று, எச்.எம்.எஸ். வைரி. 1946-ல் இரண்டையும் மூடினார்கள். கருடா என்ற பெயர் மட்டும் 1953-ல் கொச்சிக்குப் போய், நம்ம கடற்படையின் விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் டக்கோட்டா, ஃபோக்கர், ஆவ்ரோ எல்லாம் வந்து போயின. 1980களில் பீளமேட்டு ஓடுதளத்தை நீட்டுவதற்காக மூடினபோது, பயணிகள் சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் போய்த்தான் ஏறினார்கள். 1987-ல் திரும்பத் திறந்தார்கள். 2016-ல் கோவையையே தலைமையிடமாக வைத்து ஏர் கார்னிவல் என்று ஒரு கம்பெனி கிளம்பி, அடுத்த வருஷமே நின்றும் போனது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காத்து அடிக்கிற ஊரில் எண்பது வருஷத்துக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் வைத்து ஒரு ஆள் ஒரு தலைகாணி சைஸ் புத்தகம் எழுதியிருக்கலாம்.

நம்ம பக்கம் எழுதினவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையில் பைலட்டுகளைப் பழக்கிய கேப்டன் வி. சுந்தரம் தன் அனுபவங்களை எழுதியிருக்கிறார். அவரும் மனைவி உஷா சுந்தரமும் சேர்ந்தே பறந்தவர்கள். நேரு, பட்டேல் எல்லாம் அவர்கள் ஓட்டிய விமானத்தில் போனவர்கள்தான். 1951-ல் சென்னை அரசு வாங்கிய டோவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துக்குள் கொண்டு வந்து சேர்த்ததும் இந்த ஜோடிதான். அப்புறம் கேப்டன் கோபிநாத்தின் 'சிம்ப்ளி ஃப்ளை'. இவர் கேப்டன் என்றாலும் பைலட் இல்லை, ராணுவ கேப்டன். ராணுவத்தை விட்டு, பட்டுப்பூச்சி வளர்த்து, விவசாயம் பார்த்து, 1997-ல் வாடகை ஹெலிகாப்டர் கம்பெனியும் 2003-ல் ஏர் டெக்கானும் ஆரம்பித்தவர். 'சூரரைப் போற்று' அவர் கதையிலிருந்து வந்ததுதான். தோட்டத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர்கள் நிறைஞ்ச நம்ம கொங்குச் சீமைக்கு அந்தப் புத்தகம் சொந்தக்காரர் கதை மாதிரியே இருக்கும்.

ஆனால் இவையும் ஓட்டினவர், முதலாளி பக்கத்துக் கதைகள்தான். கீழே நின்றவர்கள் சொன்னால் கதை எப்படி மாறும் என்பதற்கு ரெண்டே ரெண்டு உதாரணம் சொல்கிறேன்.

பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வட கோடியில் காசர்கோடு. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அரசின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் அது ஒரு சுத்தமான வாடகைச் சவாரி. வந்தோம், தெளித்தோம், போனோம். கீழே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு வந்த நோய்களைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே இருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை போட்டது.

இன்னொன்று நம்ம பக்கத்து நீலகிரி. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பின ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரையும் இழந்தோம். முதலில் ஓடிப்போனது யார்? அந்தச் சின்னக் கிராமத்து ஜனங்கள். வீட்டில் இருந்த தண்ணீரையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு எரிகிற இடத்துக்கு ஓடினார்கள். ராணுவமே பிறகு அந்த ஊருக்கு வந்து நன்றி சொன்னது. பெயர் தெரியாத மாட்டுவண்டிக்காரரின் வாரிசுகள் என்று நான் நினைப்பது இவர்களைத்தான்.

அதனால பதிவர் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். பீளமேடு, சிங்காநல்லூர், சின்னியம்பாளையம், சூலூர் பக்கம் சொந்தபந்தம் இருக்கிறவங்க அடுத்த தடவை போகும்போது வீட்டுப் பெரியவங்க பக்கத்துல ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. ஏரோட்ரோமுக்கு முன்னாடி அந்த நிலத்துல என்ன வெள்ளாமை இருந்துச்சுன்னு கேளுங்க. வெள்ளைக்காரன் பட்டறைக்கு யார் வேலைக்குப் போனாங்க, கூலி எவ்வளவு, முதல் விமானம் இறங்கறப்ப மாடு கண்ணு என்ன பண்ணுச்சுன்னு கேளுங்க. கேட்டதை அப்படியே, அவங்க பேச்சுலயே எழுதிப் போடுங்க. இலக்கியமா இருக்கணும்னு அவசியமே இல்லை. போரைப் பார்த்த தலைமுறையில் மிச்சம் இருக்கிறவங்களுக்கு இன்னைக்கு தொண்ணூறுக்கு மேல ஆயிடுச்சு. அவங்க போனா அந்தக் கதையும் கூடவே போயிடும்.

ஆப்பிரிக்கா பைலட்டுகளைப் படிக்க வேண்டாம்னு சொல்லலைங்க, கட்டாயம் படியுங்க, அருமையான எழுத்து. கூடவே பெட்ரோல் கொண்டு வந்தது யாருன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.