வேதியர்: குலப்பெயர் பணிப்பெயரான கதை

வெள்ளாற்றின் தென்கரையில், திட்டக்குடிக்கு எதிரே இருக்கிறது லப்பைக்குடிக்காடு. லப்பை என்பது ஒரு சமூகத்தின் பெயர். லெப்பை என்றும் வழங்கும் அதே சொல், பள்ளிவாசலில் பணிசெய்பவரையும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவரையும் குறிக்கும். பிறப்பால் வரும் பெயரும் பணியால் வரும் பெயரும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. இதே இயல்புள்ள இன்னொரு சொல் கிறிஸ்தவர்களிடம் உண்டு: வேதியர்.

பழந்தமிழில் வேதியர் என்றால் வேதம் ஓதும் அந்தணர். தேவாரம் சிவனையே வேதியன் என்று அழைக்கும். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தம் சமயத்தைச் ‘சத்திய வேதம்’ என்றார். நூலுக்குப் பெயராக இருந்த வேதம், கிறிஸ்தவர் வாயில் சமயத்துக்கே பெயராயிற்று. கிறிஸ்தவர் வேதக்காரர், அவர்கள் தொழுமிடம் வேதக்கோயில், மதம் மாறியவரை ‘வேதத்தில் சேர்ந்தார்’ என்றார்கள். அந்த வரிசையில் வந்தவர்தான் வேதியர். அவர் குருப்பட்டம் பெற்றவரில்லை. பெரும்பாலும் குடும்பஸ்தர். உபதேசியார் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

அந்தக் காலத்து மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலர். ஒருவரே பல நாள் நடைத் தொலைவுக்குச் சிதறிக் கிடந்த ஊர்களைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊருக்கு அவர் வருவதே அபூர்வம். மற்ற நாளெல்லாம் சபை வேதியர் கையில். சனங்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பார். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வார். சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுப்பார். மரணப் படுக்கையில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து மனம் தேற்றுவார். அடக்கமும் அவர் பொறுப்பே. ஊர்ச் சண்டைகளைத் தீர்த்து, குரு வந்ததும் எல்லாவற்றையும் சொல்வார். இந்த மண்ணில் திருச்சபை வேர்விட்டதற்குப் பேர்பெற்ற பாதிரிமார்களை மட்டும் புகழ்வது நியாயமாகாது. பெயர்கூட எழுதிவைக்கப்படாத வேதியர்களே அதை நாள்தோறும் தாங்கினார்கள்.

இதை நன்கு அறிந்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்தவர். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலைக் கட்டி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர். ‘தேம்பாவணி’ பாடிய கையோடு, 1727இல், ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை அவர் எழுதினார். வேதியரின் பணி எவ்வளவு உயர்ந்தது, அதற்கு எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும் என்பதே நூலின் பொருள். தலைப்பில் ஒழுக்கம் என்ற சொல்லை வைத்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிறப்பைச் சொன்ன வேதியர் என்ற சொல்லோடு, வாழ்ந்து காட்டித்தான் பெறவேண்டிய ஒன்றை அவர் சேர்த்துவிட்டார். ஆவிக்குரிய முதிர்ச்சிக்கு அவர் வைத்த உரைகல் அதுவே. உபதேசம் எவ்வளவு மனப்பாடம் என்பது அதற்குப் பிறகுதான்.

தரங்கம்பாடியின் லுத்தரன் சபையும் உபதேசியார்களால்தான் வளர்ந்தது. அங்கே உபதேசியாராக உழைத்த ஆரோன், 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்ட் சபைகளில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். ஊர் ஊராக நடந்து செய்த பணியே அவரை அந்த அழைப்புக்குக் கொண்டுவந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின், கத்தோலிக்கர் வழக்கில் வேதம் பின்வாங்கி மறை முன்னுக்கு வந்தது: மறைக்கல்வி, மறையுரை, மறைமாவட்டம். மறை என்பதும் வேதத்துக்குத் தமிழ் கொடுத்த பழம்பெயர்தான். ஆகவே பொருளில் நட்டமில்லை. நட்டம் வேறிடத்தில். வேதியரின் கடமைகளில் கற்பிக்கும் பகுதி மட்டுமே ‘மறைக்கல்வி ஆசிரியர்’ என்ற பெயருக்குள் வந்தது. சாகக் கிடப்பவர் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்த வேலைக்கு அந்தப் பெயரில் இடமில்லை.