தட்டு ஒன்று, பூட்டு வேறு



கணிப்பொறிக்குரிய ஒளித்தட்டையும் வீடியோ விளையாட்டுக் கருவிக்குரிய ஒளித்தட்டையும் அருகருகே வைத்து நோக்கினால் பெரிய வேற்றுமை தோன்றாது. ஆயினும், விளையாட்டுத் தட்டைக் கணிப்பொறியில் நகலெடுத்து அதற்குரிய கருவியில் இட்டால், கருவி அதனை ஏற்க மறுத்துவிடும். இதன் காரணம் யாது? வரலாற்று முறையில் ஆராய்வோம்.

பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் கூடி உருவாக்கிய ஒளி இசைத்தட்டு 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதன் விட்டம் 12 சென்டிமீட்டர்; கனம் 1.2 மில்லிமீட்டர். சுருள் வழியில் அமைந்த நுண்ணிய பள்ளங்களை லேசர் கதிர் படிக்கும். இத்தட்டே பின்னர்ச் சுமார் 650 மெகாபைட் செய்திகளைத் தாங்கும் கணிப்பொறித் தட்டாயிற்று. எவர் அச்சிட்ட தட்டையும் எவர் செய்த கணிப்பொறியும் படித்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பொதுமையே அதன் சிறப்பு.

விளையாட்டுக் கருவி செய்வோர்க்கோ அப்பொதுமையே இடராயிற்று. அவர்தம் வருவாயில் பெரும்பகுதி விளையாட்டு விற்பனையாலும் உரிமத் தொகையாலும் வருவது. ஆகவே, பொதுத் தட்டிலேயே தனிப் பூட்டு ஒன்றை அமைக்க முற்பட்டனர்.

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் தட்டு கறுப்பு நிறமுடையது. எனினும், பூட்டு நிறத்தில் இல்லை. தட்டின் உள்விளிம்பருகே பள்ளங்களின் வழி மிக நுட்பமாக நெளிந்து செல்லும். அந்நெளிவில் நான்கு எழுத்துகள் மறைந்துள்ளன. நான்காம் எழுத்து, தட்டு எந்நாட்டுப் பகுதிக்குரியது என்பதைக் குறிக்கும். கணிப்பொறி தட்டிலுள்ள செய்தியைப் படிக்குமேயன்றி நெளிவைப் பொருட்படுத்தாது. நகலில் அதனைப் பொறிக்கவும் இயலாது. ரூபாய்த் தாளைப் படமெடுத்தால் எழுத்து விழும், நீர்க்குறி விழாதன்றோ? அது போன்றதே இது. ஆனால் அந்நான்கு எழுத்துகளைத் தானே அனுப்பும் சிறு சில்லு ஒன்றைக் கருவியினுள் பொருத்திப் பலர் இப்பூட்டைத் திறந்துவிட்டனர்.

1998-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட டிரீம்காஸ்ட் கருவி வேறு வழியை மேற்கொண்டது. அதன் தட்டின் உட்பகுதி சாதாரணமானது. வெளிப்பகுதியில் பள்ளங்கள் நெருங்கியிருக்கும். அதனால் தட்டு சுமார் 1 கிகாபைட் கொண்டது. சாதாரணக் கணிப்பொறி உட்பகுதியை மட்டுமே படிக்கும். பூட்டு வலிதே, ஆனால், படக்காட்சியுடன் கூடிய இசைத்தட்டுகளையும் ஏற்கும்படி சேகாவே ஒரு பக்கவாயில் வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டில் நகல் தட்டுகள் அவ்வழியே நுழைந்தன. வேறு நட்டங்களும் போட்டியும் சேர, 2001-இல் அக்கருவியின் உற்பத்தி நின்றது. அதே ஆண்டில் நின்டெண்டோ தன் கேம்கியூப் கருவிக்கு 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தட்டை அமைத்தது.

பூட்டியவர் தம் உழைப்பைக் காக்கவே பூட்டினர், அது குற்றமன்று. ஆனால், தட்டும் தேயும், கருவியும் பழுதுறும். அழியுமுன் நகலெடுத்துப் பேண விழையும் நூலகத்தானையும் திருடனையும் பிரித்தறியப் பூட்டு அறியாது. படைத்தவன் உரிமையும் பிற்காலத்தார் உரிமையும் ஒருங்கே நிற்கும் வழியைக் காண்பது உங்கள் தலைமுறையின் கடமையாகும்.