மகப்பேறின்மையும் ஆணின் பங்கும்

குழந்தை பிறக்காத வீட்டில் நம் சமுதாயம் முதலில் நோக்குவது மருமகளின் முகத்தைத்தான். 'மலடி' என்பது தமிழில் தாராளமாகப் புழங்கும் சொல். 'மலடன்' என்பதோ அரிதாகவே காதில் விழுகிறது. அரபியின் 'அகீம்' இருபாலாருக்கும் உரியது. அஷ்ஷூரா அத்தியாயத்தின் 50ஆம் வசனம் அச்சொல்லை ஆளுமிடத்தில் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை என்பது நாம் கருதத்தக்கது.

மருத்துவ மேதை இப்னு சீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன்' நூலில், குறை இருவரில் எவரிடமும் இருக்கலாம் என்று கொண்டு, முன்னோர் கூறிய சோதனைகளையும் பதிவு செய்கிறார். இருவரின் சிறுநீரையும் தனித்தனியே லெட்டூஸ் கீரையின் வேரில் ஊற்ற, எவருடையது செடியை வாட்டுகிறதோ குறை அவரிடம் என்பது அவற்றுள் ஒன்று. இன்று அச்சோதனை செல்லாது. ஆயினும் கணவனையும் மனைவியையும் ஒருசேரச் சோதிக்கும் நீதி அதில் இருந்தது.

1677இல் டச்சு நாட்டு லீவன்ஹூக் நுண்ணோக்கியில் விந்தணுக்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 1980இல் விந்துப் பரிசோதனைக்கான கையேட்டை வெளியிட்டது. அதன் ஆறாம் பதிப்பு (2021) தரும் கீழ்வரம்பு, ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள். அசைவுடையவை 42 சதவீதம். இவ்வெண்ணிக்கையில் குறைந்தவன் தந்தையாகவே இயலாது என்பதன்று. 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்த பின்னரே மாதிரி தரவேண்டும். அணு முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், இடையில் வந்த கடுங்காய்ச்சலும் எண்ணிக்கையைக் குறைக்கும். எனவே ஒரே சோதனையில் தீர்ப்புரைப்பது தவறு.

புகையிலை, மிகுவெப்பம், ஈயம் முதலிய புறக்காரணங்களும் உண்டு. பாதரசம் விந்தணுவைச் சிதைப்பதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. மனிதரிடத்து முடிவு இன்னும் உறுதிப்படவில்லை. இங்கு பழனி மலைத் தொடரின் கொடைக்கானல் நம் நினைவுக்கு வருகிறது. அங்கு 1980களில் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளிப்பட்டதால் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016இல் உடன்பாடு ஏற்பட்டது. அத்தகைய ஆலையில் உழைத்தவரின் இல்லத்தில் மழலை இல்லையெனில், ஆணின் தொழிலையும் உடலையும் வினவாமல் மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அலைக்கழிப்பது எவ்வகை நியாயம்?

விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது, செலவும் குறைவு. அதற்கு நாணி, தலாக்கையும் மறுமணத்தையும் முதலில் எண்ணுவோர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா எழுப்பிய வினாவை இன்னும் எதிர்கொள்ளாதவரே.