நமுனுகுல மலைச்சாரலிற் கணக்கியற் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

தொழில் பார்த்துக்கொண்டே கல்வி பயில்வது கணக்காய்வுத் துறைக்குப் புதியதன்று; அத்துறையுடன் கூடப்பிறந்த முறை அது. 1854 இல் எடின்பரோவிலும் 1880 இல் இங்கிலாந்திலும் அரச பட்டயம் பெற்ற கணக்காளர் அமைப்புகள் ஒப்பந்தப் பயிற்சியையும் பரீட்சையையும் ஒருங்கே வளர்த்தன. பயிலுநர் பகலில் ஆசானின் அலுவலகத்திற் பணிபுரிந்தார்; இரவிற் பரீட்சைக்குப் படித்தார். ஐந்தாண்டுகள் ஊதியமின்றியோ சொற்ப ஊதியத்துடனோ உழைத்ததுடன், ஆசானுக்குப் பயிற்சிக் கட்டணமுஞ் செலுத்துவது நெடுங்காலம் வழக்காயிருந்தது. ஆகவே, வேலையையும் படிப்பையும் சமன்செய்தல் தனிமனிதரின் நேர ஒழுங்கு மட்டுமன்று. அவ்வாண்டுகளைத் தாங்கவல்லார் யார் என்னும் சமுதாய வினாவுமாகும். நமுனுகுல மலைத்தோட்டங்களின் வரலாறு இவ்வினாவை நன்கு விளக்குகின்றது.

ஒன்பது சிகரங்கள் எனச் சிங்களத்திற் பொருள்படும் நமுனுகுல, பதுளைக்குத் தென்கிழக்கே 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்பது. இலங்கையின் பெருந்தோட்டங்களில் ஆங்கிலேயர் காலத்தில் வேறொரு பயிலுநர் முறை நிலவியது. 'கிறீப்பர்' எனப்பட்ட வெள்ளை இளைஞர், தோட்டத்துரைக்குக் கட்டணஞ் செலுத்தி அவரிடம் அமர்ந்தனர். தேயிலைத் தொழிலையும் தொழிலாளரின் தமிழையும் செக்ரோல் கணக்கையும் கற்றுச் சின்னத்துரையாயினர். அவர்களுக்கு வேலையே கல்வியாகவும், கல்வியே பதவிக்குப் படியாகவும் அமைந்தது.

அதே செக்ரோலிற் பதியப்பட்டோர் தமிழ்த் தொழிலாளர். ஒருநாள் உழைப்பு ஒரு 'பேர்'. குறித்த அளவு நிறைவேறாவிடின் 'அரைப்பேர்'. முற்பணமும் அரிசியின் விலையும் கூலியிற் கழிக்கப்பட்டன. கடன்தொகை குறித்த 'துண்டு' என்னும் சீட்டினாலேயே குடும்பங்கள் தோட்டம்விட்டுத் தோட்டம் மாறின. துண்டுமுறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. எனினும், தொழிலாளர் கணக்கிற்குப் பொருளாயிருந்தனரேயன்றி, அதனை வாசித்து வினவுவோராக இருக்கவில்லை. 1907 ஆம் ஆண்டின் நாட்டுப்புறப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் கல்வியையே தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் வேலையினூடே தொழில் கற்றனர். ஆயினும் அவர்தம் அனுபவத்திற்குப் பட்டயமோ பரீட்சையோ இருக்கவில்லை.

1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தோன்றியது. பரீட்சையும் செயன்முறைப் பயிற்சியும் இணைந்த பாதை நாட்டிலேயே திறந்தது. ஆனால் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை ஏற்கெனவே நாடற்றோராக்கியிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பரவலாகப் பொறுப்பேற்றதும் 1970களிலேயே. வாசல் திறந்திருந்தும் அதுவரை செல்லும் படிகள் அமைக்கப்படவில்லை எனலாம்.

இன்று பயிலுநர் கட்டணஞ் செலுத்தி அமர்வதில்லை, உதவித்தொகை பெறுகின்றார். ஆயினும், பெரும்பாலான கணக்காய்வு நிறுவனங்கள் கொழும்பிலேயே உள்ளன. பதுளைக்குப் புகையிரதம் 1924 இலேயே வந்துவிட்டபோதிலும், கொழும்பு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அவ்வுதவித்தொகையிலேயே தங்குமிட வாடகையும் பாடநெறிக் கட்டணமும் அடங்கவேண்டும். லயத்திலுள்ள பெற்றோரும் அதனை எதிர்பார்த்திருப்பர். மார்ச் 31 உடன் பல கம்பனிகளின் நிதியாண்டு முடிவதால், அடுத்துவரும் மாதங்களிற் பணி குவிகின்றது. படிக்கும் பொழுது சுருங்குகின்றது. எனினும், பகலிற் சரக்கிருப்பை எண்ணிப் பற்றுச்சீட்டையும் பேரேட்டையும் ஒப்பிட்டவருக்கு, இரவிற் படிக்கும் கணக்காய்வுக் கோட்பாடு வெறும் மனனமாகாது. பணியும் படிப்பும் ஒன்றையொன்று தாங்குவது இவ்விடத்திலேயே. பயிற்சி முறையின் உயிரும் அதுவே.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992 இற் கம்பனிகளிடம் கைமாறியபோது, அவற்றுளொன்று நமுனுகுல என்னும் பெயரையே பூண்டது. மலையின் பெயர் இன்று ஆண்டுதோறும் கணக்காய்வுக்குட்படும் ஐந்தொகையின் தலைப்பிலும் விளங்குகின்றது. தோட்டக் கம்பனியொன்றைக் கணக்காய்வு செய்வோர் கூலிப் பதிவையும் சோதித்தே ஆகவேண்டும். 'பேர்' பதியப்பட்டோரின் பேரப்பிள்ளைகள், அப்பேர் சரியாகப் பதியப்பட்டதா எனச் சோதிக்குந் தகுதி பெறுதல் வரலாற்றின் நேர்மையான திருப்பமாகும். அத்தகுதிக்குரிய ஆண்டுகளை ஏழைப் பயிலுநரும் தாங்கத்தக்க உதவித்தொகையும் பரீட்சை விடுமுறையும் சலுகைகளல்ல. மலையகத்தாருக்கு நெடுங்காலமாகத் தீர்க்கப்படாதிருக்கும் கடனின் ஒரு பகுதியே அவை.