கழற்றலாம், பிரிக்கக் கூடாது

டீசல் இன்ஜினின் சிலிண்டர்களுக்கு அழுத்தத்தில் எண்ணெய் செலுத்தும் பம்பைக் கழற்றப் பெரிய பட்டறை தேவையில்லை. புதுச்சேரியிலிருந்து மூலக்குளம், வில்லியனூர் வழியாக விழுப்புரம் போகும் சாலையில் லாரி படுத்துவிட்டால் மர நிழலிலேயே கழற்றிவிடலாம். வீட்டு வாசலில் நிற்கும் டிராக்டருக்கும் அப்படியே. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சத்துக்குக் கொண்டுவந்து, பிளைவீல் மார்க்கைச் சரிபார்த்து, பம்பும் இன்ஜினும் சேரும் விளிம்பில் உளியால் இரண்டையும் தொடும்படி ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். பிறகு பைப் நட்டுகளைத் தளர்த்தி, மண் புகாமல் வாய்களை அடைத்து, போல்ட்டுகளை எடுத்தால் பம்ப் கையோடு வரும். ஆனால் கழற்றியவர் அதைப் பிரிப்பதில்லை. பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொடுத்தனுப்புவார். இன்ஜினையே அக்கக்காகப் பிரிக்கிறவர் இதில் மட்டும் கைவைக்கத் தயங்குவது ஏன்?

கம்பெனிகள் போட்ட வேலிதான் காரணம் என்று சொல்வதுண்டு. பம்பின் ஸ்குருவில் ஈய சீல் தொங்குவதைப் பார்த்தால் அது நியாயமாகவும் தோன்றும். எனக்கென்னவோ வேலி அதற்கு முன்பே உலோகத்துக்குள் இருந்தது என்றே படுகிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக்காட்டிய இன்ஜினில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதியது அழுத்தப்பட்ட காற்று. அதற்கான கம்ப்ரஸரையும் சுமந்துகொண்டு லாரி எங்கே ஓடுவது? 1927இல் ஸ்டுட்கார்ட்டின் பாஷ் நிறுவனம் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் சாலையில் பரவியது. அந்தப் பம்பில் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலான பேரலுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டதில் இரண்டு, மூன்று பங்குதான். இரண்டும் சேர்த்தே இழைக்கப்பட்ட ஜோடி. ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போட்டால் அழுத்தம் கசிந்துவிடும். தூசு ஒன்று போதும், கீறல் விழ. எல்லா லைனிலும் ஒரே அளவு டீசல் வருகிறதா என்பதையும் கண்ணால் சொல்ல முடியாது. பம்பை மோட்டாரில் சுழற்றி, கண்ணாடிக் குழாய்களில் பிடித்து அளக்கும் பெஞ்சு வேண்டும்.

ருடால்ஃப் டீசல் பாரிஸில் பிறந்தவர் என்றாலும் பிரெஞ்சு ஊரான புதுச்சேரிக்கு அதனால் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. பாஷ் கூட்டுடன் 1951இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ நிறுவனம்தான் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளின் வாயில் பம்புக்கே பெயரானது. புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1954 நவம்பர் 1இல்.

சீலை உடைத்து டீசலைக் கூட்டிவிட்டவர்கள் இல்லையா என்றால், நிறையவே உண்டு. வண்டி இழுக்கும், பின்னால் வருகிறவர் கரும்புகையைக் குடிப்பார். சீலை உடைக்க ஒரு குறடு போதும், பிளஞ்சரை இழைக்கக் குறடு உதவாது. இந்த வேலி வெறும் வியாபாரத் தந்திரமாக இருந்தால், பெஞ்சு வாங்கிப்போட்ட சிறு கடைகளும் இந்தத் தொழிலில் நிலைத்திருக்க முடியாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தத்தில் வைத்திருக்கும் காமன் ரெயில்தான். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பெரும்பாலான பம்புகளுக்கு உளிக்கோடும் வேண்டாம். கழற்றுவது முன்பைவிடச் சுலபம். ஆனால் பல வண்டிகளில் புது இன்ஜெக்டர் மாட்டினால், அதன் தலையில் பொறித்த எண்ணைக் கணினியில் ஏற்றுவதற்கு ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும்.